குரலோடு சேர்ந்த எழுத்து: டிஜிட்டல் பேனா கேள்வி-பதில்

கே: டிஜிட்டல் பேனாவால் எழுதிய சொல்லைத் தொட்டால், அதை எழுதியபோது ஆசிரியர் பேசியது கேட்குமாமே? எந்த நோட்டிலும் எழுதலாமா?
- கல்லூரி மாணவி, திருச்சி

ப: எந்த நோட்டிலும் முடியாது. விற்பவர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான். லைவ்ஸ்கிரைப் மாதிரியான பேனாவில் முனைக்குப் பக்கத்தில் அகச்சிவப்புக் கேமரா இருக்கிறது. அது பார்ப்பது உங்கள் எழுத்தை அல்ல, தாளில் அச்சிட்ட நுண்புள்ளிகளை. ஸ்வீடனின் அனோட்டோ நிறுவனம் கொண்டுவந்த முறை இது. சுமார் 0.3 மி.மீ. இடைவெளியில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் மேலே, கீழே, இடம், வலம் என ஏதோ ஒரு பக்கம் துளி விலகியிருக்கும். 6-க்கு 6 புள்ளிகள் தெரிந்தால் போதும், எந்தப் பக்கத்தில் எந்த இடம் என்று பேனா கண்டுகொள்ளும். முனை அழுந்தியதும் கோடும் அதன் நேரமும் பதிவாகும். ஒலிப்பதிவும் அதே கடிகாரத்தில் ஓடுவதால் சொல்லைத் தொட்டதும் அந்த நேரத்துக் குரல் வருகிறது.

அருமையான வேலைதான். ஆனால் நோட்டு தீரத் தீர அந்தப் புள்ளி நோட்டையே மறுபடி வாங்க வேண்டும். எனக்கு ஒரு கடையில் பழைய பேனாவை விற்றார்கள். அதற்கான நோட்டு தங்களிடம் இல்லை என்பதைப் பணம் வாங்கிய பிறகுதான் சொன்னார்கள். எழுத்தும் குரலும் ஆப்பை நம்பி இருக்கின்றன. உங்கள் போனில் அந்த ஆப் ஓடுமா, பக்கங்களை பிடிஎஃப் ஆகவும் குரலைத் தனிக் கோப்பாகவும் எடுக்க முடியுமா என்று கடையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வாங்காதீர்கள். ஒரு வருடப் பாடக் குறிப்பை இழந்த பிறகு எந்தக் கடையும் அதைத் திருப்பித் தராது.

கே: சாதாரண நோட்டில் ஒரு மாதமாக எழுதுகிறேன். போனில் எதுவும் வரவில்லை. பேனா பழுதா?
- மதுரை

ப: பேனாவில் பழுது இல்லை, சாதாரண நோட்டில் அந்தப் புள்ளிகள் இல்லை. முதல் நாளே ஒரு பக்கம் எழுதிப் பார்த்திருக்க வேண்டும்.

கே: மைக் பேனாவிலேயே இருக்குமா?
- சேலம்

ப: மாடலைப் பொறுத்தது. 2010-இல் வந்த லைவ்ஸ்கிரைப் எக்கோ மாடலில் உண்டு. 2013-இல் வந்த லைவ்ஸ்கிரைப் 3-இல் கிடையாது, போன்தான் பதிவு செய்யும்.

கே: ‘எழுத்தும் குரலும் இணையும்’ என்று விளம்பரம் பார்த்து ஆன்லைனில் வாங்கினேன். வந்தது வெறும் குரல் பதிவுப் பேனா. திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார் விற்பனையாளர்.
- ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு

ப: ஐயா, தவறு உங்களுடையது அல்ல. விளம்பரத்தில் சொன்ன அம்சம் இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகள் சொல்கின்றன. விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு அது மாறியிருக்கலாம். பில்லையும் சேர்த்து அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்லவும், ஒரு மாதத்தில் தீர்க்கவும் அவர் கடமைப்பட்டவர். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் மசியவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

கே: எந்த ரீஃபிலும் போடலாமா?
- கோவை

ப: கூடாது. கார்பன் கலந்த மை புள்ளிகளை மறைத்துவிடும், கேமராவுக்கு எதுவும் தெரியாது.