கொரியாவுக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: ஹட்டனில் ஒரு தனியார் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். வெளிவாரிப் பட்டம் இருக்கிறது. தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியர் வேலை எடுத்துத் தருவதாகச் சொல்லி ஒரு முகவர் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள், தங்கச்சி. கொரியாவில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஈ-2 விசா அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா போன்ற நாட்டவர்களுக்கு உரியது. எவ்வளவு நன்றாகப் படிப்பித்தாலும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அது கிடைக்காது. அநியாயமான விதிதான். ஆனால் எந்த முகவராலும் அதை மாற்ற முடியாது.

நான் முதலில் பார்க்கச் சொல்வது மாலைதீவு. அங்கே பாடசாலைகளில் ஆங்கில மொழிமூலக் கல்விதான். நம் நாட்டு ஆசிரியர்கள் நெடுங்காலமாக வேலை செய்கிறார்கள். தாய்லாந்து, வியட்நாம் என்றால் பட்டத்தோடு பிறமொழிக்காரருக்கு ஆங்கிலம் கற்பிப்பதற்கான 120 மணித்தியாலப் பயிற்சியின் டெசோல் (TESOL) சான்றிதழும் இருப்பது நல்லது. தாய்லாந்தில் டோயிக் (TOEIC) என்ற ஆங்கிலத் திறன் பரீட்சையில் 600 புள்ளி கேட்பதும் வழக்கம்.

விண்ணப்பத்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தோட்டப்புறத்துப் பிள்ளைகள் பலருக்குச் சிக்கல் வருவதே இதில்தான். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, உயர்தரப் பெறுபேறு, பட்டச் சான்றிதழ் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்து, உங்கள் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் லட்சுமி, இன்னொன்றில் லெட்சுமி. ஒன்றில் அப்பாவின் பெயர் முன்னால், மற்றதில் பின்னால். ஊரில் இதை யாரும் கவனிப்பதில்லை. வெளிநாட்டு விசா அதிகாரிக்கோ அது இரண்டு ஆட்களின் பெயர். பிறப்புச் சான்றிதழில் பிழை என்றால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரைப் பாருங்கள். திருத்தத்துக்கு நாள் எடுக்கும், அதனால் இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

அப்புறம், சான்றிதழ்களுக்கு வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சி வேண்டும். கண்டியிலும் அதன் பிராந்திய அலுவலகம் இருப்பதால், கொழும்புக்குப் போவதற்கு முன் அங்கே விசாரியுங்கள். பொலிஸ் அறிக்கையைக் கடைசியில் எடுங்கள். பழையதை ஏற்க மாட்டார்கள்.

வேலை கிடைத்தால் ஒப்பந்தத்தில் பாடசாலையின் பெயர், சம்பளம், தங்குமிடம், திரும்பி வரும் டிக்கெட் எல்லாம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். “சுற்றுலா விசாவில் வாங்க, அங்கே மாற்றலாம்” என்றால் சம்மதிக்கவே வேண்டாம். தாய்லாந்து வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகள் மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டார்கள். முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் இன்றைக்கே கேளுங்கள்.