எடை தூக்க எந்தச் சப்பாத்து நல்லது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகத் தொடங்கியவர்கள் என்ன சாப்பிடுவது என்று கேட்ட கையோடு காலில் எதைப் போடுவது என்றும் கேட்கிறார்கள். கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

ஓடுவதற்காக வாங்கிய நல்ல சப்பாத்து இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டே ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்கிறேன். 80 கிலோவைத் தாண்டியதும் கால் ஆடுகிறது. என் தொடையில் வலுவில்லையா, சப்பாத்தில் கோளாறா? (செந்தூல்)

தொடையைக் குறை சொல்வதற்கு முன் சப்பாத்தைக் கையில் எடுங்கள், தம்பி. குதிகாலுக்குக் கீழே இருக்கும் நுரைப் பகுதியைப் பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் சுலபமாக உள்ளே போனால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் ஏற்படும் அதிர்வைத் தாங்கத்தான் அந்த நுரையை வைக்கிறார்கள். அந்த வேலைக்கு அது அருமையானது. ஆனால் உங்கள் உடல் எடை 70 கிலோ, தோளில் 80 கிலோ என்று வைத்துக்கொண்டால் 150 கிலோ உங்கள் இரண்டு பாதங்கள் வழியாக இறங்குகிறது. நுரை எல்லா இடத்திலும் ஒரே அளவாக அமுங்காது. சில மாதம் ஓடிய சப்பாத்து என்றால் நீங்கள் காலை ஊன்றும் பழக்கத்துக்கு ஏற்ப ஏதாவது ஒரு பக்கம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். பாரம் ஏறியதும் அந்தப் பக்கம் கூடுதலாக அமுங்கும், கணுக்கால் அங்கே சாயும், முழங்காலும் அதோடு போகும். மெத்தையின் மேல் நின்றுகொண்டு அரிசி மூட்டையைத் தூக்கினால் என்ன ஆகும்? இங்கே நடப்பதும் அதுதான்.

நண்பரிடம் கைப்பேசியைக் கொடுத்து, பின்னாலிருந்து கணுக்கால் உயரத்தில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கீழே இறங்கும்போது நுரையின் ஓரத்தில் சுருக்கங்கள் விழுந்து, எழும்போது மறைவது தெரியும். அடுத்த பயிற்சியில் எடையைக் கொஞ்சம் குறைத்து, தட்டையான, கெட்டியான அடிப்பாகம் உள்ள சப்பாத்தில் செய்து பாருங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குற்றவாளி சப்பாத்து. நிற்கவில்லை என்றால் எடையை இறக்கி, செய்யும் முறையைப் பயிற்றுநரிடம் காட்டுங்கள். பழைய சப்பாத்தைத் தூக்கிப் போட வேண்டாம், தித்திவாங்சா ஏரியைச் சுற்றி ஓட அதுவே சரியானது.

டெட்லிஃப்ட்டை வெறுங்காலில் செய்வதுதான் சிறந்தது என்கிறார்கள். எங்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் சப்பாத்து இல்லாமல் அனுமதிப்பதில்லை. என்ன செய்வது? (பங்சார்)

கூடத்தின் விதிக்குக் கட்டுப்படுங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை. தரையிலிருந்து தூக்கும் பயிற்சியில் கால் தரைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அந்த அளவுக்கு எடை மாட்டிய கம்பி பயணிக்கும் தூரம் குறையும். அதனால்தான் வெறுங்கால் பேச்சு வருகிறது. மெல்லிய, தட்டையான ரப்பர் அடிப்பாகம் கொண்ட கேன்வாஸ் சப்பாத்து ஏறத்தாழ அதே பலனைத் தரும். கன்வர்ஸ் சக் டெய்லர் ரகம் பவர்லிஃப்டிங் (ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் மூன்றும் கொண்ட போட்டி) செய்பவர்களிடையே பல காலமாகப் புழங்குகிறது. அதன் முன்பகுதி சற்றுக் குறுகலானது, அகலப் பாதக்காரர்கள் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். காலுறையோடு மட்டும் செய்யாதீர்கள், வழுக்கும். குதிகால் உயர்ந்த பளுதூக்கும் காலணியும் டெட்லிஃப்ட்டுக்கு ஏற்றதல்ல. அது உங்களை மேலே தூக்குவதோடு, எடையை முன்பாதத்துக்குத் தள்ளிவிடும்.

போட்டியில் இறங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே காலணியோடு பழகுவது நல்லது. அனைத்துலகப் பவர்லிஃப்டிங் சம்மேளனத்தின் விதியில் வெறுங்காலுக்கு இடமில்லை. அடிப்பாகத்தின் உயரமும் 5 செ.மீ.-ஐத் தாண்டக் கூடாது.

அலுவலகத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவன் நான். ஸ்குவாட்டில் பாதி தூரம் இறங்கியதுமே குதிகால் தரையை விட்டு எழுகிறது. பளுதூக்கும் காலணி வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் உடன் பயிற்சி செய்பவர். ஆனால் அது குறுக்குவழி என்று இன்னொருவர் கேலி செய்கிறார். (பிரிக்பீல்ட்ஸ்)

கேலியைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒலிம்பிக் பளுதூக்கும் வீரர்களில் பெரும்பாலோர் குதிகால் உயர்ந்த காலணியைத்தான் அணிகிறார்கள். மரம், கெட்டி பிளாஸ்டிக் போன்ற அமுங்காத பொருளால் செய்த குதிகால் அது, பெரும்பாலும் 15 முதல் 22 மி.மீ. உயரம் இருக்கும். குதிகால் உயர்ந்தால் கணுக்கால் அதிகம் மடங்காமலே முழங்கால் முன்னே போக முடியும். உடல் நிமிர்ந்து நிற்கும், ஆழமாகவும் இறங்கலாம். தொடை எலும்பு நீளமாக அமைந்தவர்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் உங்கள் சிக்கல் கணுக்காலில்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வெறுங்காலுடன் சுவரைப் பார்த்து நின்று, பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் இடையே 10 செ.மீ. விட்டுக் காலை ஊன்றுங்கள். குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடப் பாருங்கள். இரண்டு காலிலும் தொட முடிந்தால் கணுக்காலில் குறையில்லை. பாதங்களை வைக்கும் அகலத்தையும் கோணத்தையும் மாற்றிப் பாருங்கள், பணம் மிச்சம். தொட முடியவில்லை என்றால் அடுத்த சோதனை: சிறிய எடைத்தட்டு ஒவ்வொன்றின் மேல் குதிகாலை வைத்து, எடை ஏதும் மாட்டாத கம்பியோடு மட்டும் மெதுவாக இறங்குங்கள். முதுகு நிமிர்ந்து, ஆழமும் கிடைத்தால் பளுதூக்கும் காலணி உங்களுக்குக் கைகொடுக்கும்.

பெயர்பெற்ற நிறுவனங்களின் காலணி என்றால் விலை பெரும்பாலும் 400 வெள்ளியைத் தாண்டும். ஆகவே வாரத்தில் ஒரு நாளாவது கனமாக ஸ்குவாட் செய்பவராக இருந்தால் மட்டும் வாங்குங்கள். வாங்கிய பிறகும் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். காலணி இறுக்கத்தைக் குணப்படுத்தாது, அதைச் சுற்றிக்கொண்டு போக வழி தரும், அவ்வளவுதான். இன்னொன்று, குதிகால் உயரும்போது முழங்காலுக்கு வேலை கூடுகிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் குறைந்த எடையில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும்.

கையில் 200 வெள்ளி இருக்கிறது. வாரம் இருமுறை குழுப் பயிற்சி, நடுவில் எடை தூக்குதல், கொஞ்சம் டிரெட்மில். எல்லாவற்றுக்கும் ஒரே சப்பாத்து போதுமா? என் பாதம் அகலம். (பாயான் லெப்பாஸ்)

டிரெட்மில்லில் உடலைச் சூடேற்றப் பத்து நிமிடம்தான் என்றால் ஒரே ஜோடி போதும், தங்கையே. ‘டிரெய்னிங்’ என்று எழுதி விற்கும் வகையைக் கேளுங்கள். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உயர வேறுபாடு குறைவாகவும், அடிப்பாகம் அகலமாகவும், குதிகால் கெட்டியாகவும் இருக்கும். தொடர்ந்து ஐந்து கிலோமீட்டர் ஓடுபவரானால் ஓட்டத்துக்கென்று தனி ஜோடி வேண்டும், அதில் சமரசம் வேண்டாம்.

வேலை முடிந்து மாலையில் கடைக்குப் போங்கள். நாள் முழுவதும் நின்ற பாதம் சற்று வீங்கியிருக்கும், பயிற்சியின்போது உங்கள் கால் இருக்கும் அளவும் அதுதான். பயிற்சிக்குப் போடும் காலுறையையே போட்டுப் போங்கள். கடையிலேயே பக்கவாட்டில் நாலடி வையுங்கள், ஒரு காலை முன்னே வைத்து மடங்குங்கள், முன்பாதத்தில் எழுந்து நில்லுங்கள். உள்ளே விரல்களை விரிக்க முடிய வேண்டும், குதிகால் நழுவக் கூடாது. பெண்களுக்கான சப்பாத்துகள் பெரும்பாலும் குறுகலாகவே வருகின்றன. ஆண்கள் பிரிவில் உங்கள் அளவைத் தேடிப் பார்க்கத் தயங்காதீர்கள். சென்ற ஆண்டு மாடல் என்றால் உங்கள் தொகைக்குள் நல்ல தரமே கிடைக்கும்.

இணையத்தில் வாங்குவதானால் 6, 7 என்ற எண்ணை நம்பாதீர்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறுகிறது. லேபிளில் சென்டிமீட்டர் கணக்கு அச்சிட்டிருக்கும். உங்கள் பாதத்தைத் தாளில் வரைந்து அளந்து, அதோடு ஒப்பிடுங்கள்.

ஆசையாக வாங்கிய விலையுயர்ந்த சப்பாத்தை அதிகம் போடாமல் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தேன். சில ஆண்டுகள் கழித்து எடுத்துப் போட்டதும் அடிப்பாகம் தூள்தூளாக உதிர்ந்துவிட்டது. போலியை விற்று ஏமாற்றிவிட்டார்களா? (ஜார்ஜ் டவுன்)

ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. அசல் சப்பாத்துக்கும் இது நேரும். நம் நாட்டில் இதை அனுபவிக்காத குடும்பம் குறைவு. பல சப்பாத்துகளின் அடிப்பாகத்தில் பாலியூரித்தேன் என்ற பொருள் இருக்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதற்குள் மெல்லப் புகுந்து அதன் வேதிப் பிணைப்புகளை அறுத்துக்கொண்டே போகும். நம்மிடம் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. காற்றே புகாத பெட்டிக்குள் ஈரம் தங்கிவிடும். போட்டால் தேயும், போடாவிட்டால் உதிரும் என்பது வருத்தமான உண்மை. ஓட்டச் சப்பாத்துகளில் அதிகம் காணப்படும் இவிஏ நுரை இப்படி உதிராது. கெட்டி ரப்பரும் உதிராது.

இனி வாங்கும்போது நாக்குப் பகுதியின் உட்புற லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். கழிவு விற்பனையில் கிடைக்கும் பழைய சரக்கு கடையிலேயே பாதி ஆயுளைக் கழித்திருக்கலாம். வாங்கியதைப் போட்டுப் பயன்படுத்துங்கள். கார் பின்பெட்டியில் விட்டுவைக்காதீர்கள், அந்த வெப்பத்தில் பசையும் விட்டுப்போகும். மழையில் நனைந்தால் உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி வைத்து நிழலில் காற்றாட உலர்த்துங்கள். அடிப்பாகத்தில் மெல்லிய வெடிப்புகளோ பிசுபிசுப்போ தெரியத் தொடங்கினால் அதைப் போட்டு எடை தூக்கவே கூடாது. தோளில் பாரம் இருக்கும்போது குதிகால் கழன்றால் விளைவு சப்பாத்தோடு நிற்காது.

என் அப்பாவுக்கு 61 வயது, பல ஆண்டுகளாக நீரிழிவு. தசை வலுவுக்காக எடைப் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருக்கிறது என்கிறார். அவருக்கு எந்தச் சப்பாத்து வாங்கலாம்? (பட்டர்வொர்த்)

இந்தக் கேள்வியை இன்னும் பல பிள்ளைகள் கேட்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களிடையே அது இன்னும் அதிகமாக இருந்தது. எடைப் பயிற்சி அவருக்கு நல்லதே செய்யும். ஆனால் மரத்த பாதம் என்றதும் மேலே நான் மற்றவர்களுக்குச் சொன்ன சில விஷயங்கள் தலைகீழாகின்றன.

வெறுங்கால் பயிற்சி அவருக்குக் கூடவே கூடாது, வீட்டிலும்கூட. செலிப்பார் (செருப்பு) போட்டுக்கொண்டும் செய்யக் கூடாது. விரல்கள் முழுவதும் மூடிய, முன்பகுதி அகலமும் ஆழமும் உள்ள, உள்ளே முரட்டுத் தையல் இல்லாத சப்பாத்து வேண்டும். அடிப்பாகம் கெட்டியாக இருக்கட்டும், ஆனால் உள்ளே மெல்லிய மெத்தை இருக்க வேண்டும். மேல்பாதத்தை இறுக்கும் பட்டை உள்ள பளுதூக்கும் காலணி வேண்டாம்.

சப்பாத்து கடிக்கிறதா என்று அவரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். கடித்தாலும் அவருக்குத் தெரியாது. அவர் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து, அந்த வடிவத்தை வெட்டிக் கடைக்கு எடுத்துப் போங்கள். சப்பாத்தின் உள்தட்டை உருவி அதன் மேல் தாளை வையுங்கள். தாள் எந்தப் பக்கத்திலும் வெளியே நீண்டால் அந்த ஜோடி அவருக்கில்லை. புதிதாக வாங்கியதை முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போடச் சொல்லி, கழற்றியதும் பாதத்தில் சிவப்புத் தடம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பது அவசியம். சிறு கல்லோ பூச்சியோ கிடந்தால் அவர் உணர மாட்டார். காலுறை வெள்ளையாக இருந்தால் இரத்தக் கசிவு உடனே கண்ணில் படும்.

தொடங்குவதற்கு முன் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் பாதப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வை அளப்பார்கள், வலிக்காது. புண்ணோ கொப்புளமோ இருந்தால் அது ஆறும்வரை நின்று செய்யும் பயிற்சிகளை நிறுத்திவிட்டு, உட்கார்ந்து செய்யக்கூடிய கைப் பயிற்சிகளைத் தொடரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

14 வயது மகன் பளுதூக்கும் பயிற்சியில் சேர ஆசைப்படுகிறான். முதலில் சப்பாத்துதான் வேண்டும் என்கிறான். (செத்தாப்பாக்)

2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் நம் பளுதூக்கும் வீரர் அனிக் கஸ்டான் 55 கிலோ பிரிவில் தங்கம் வென்றதைப் பார்த்து வளரும் பிள்ளைகள், ஆசை வராமல் இருக்குமா! வரட்டும், அம்மா. தேர்ந்த பயிற்றுநரின் கண்காணிப்பில் இந்த வயதில் தொடங்குவதில் தவறில்லை. முதலில் பயிற்றுநரைத் தேடுங்கள், சப்பாத்து பிறகு. தொடக்கத்தில் குச்சியையும் வெறும் கம்பியையும் வைத்துத்தான் முறையைச் சொல்லித் தருவார்கள். அதற்குப் பள்ளிக்குப் போடும் தட்டையான கறுப்புச் சப்பாத்தே போதும், அடிப்பாகம் வழுக்காமல் இருந்தால் சரி. கம்பியைத் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்று எடை ஏறத் தொடங்கும்போது பயிற்றுநரே சொல்வார். அப்போதும் பாதம் வளரும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிவிடாதீர்கள். காலணிக்குள் பாதம் நழுவுவது எடை தூக்கும் பிள்ளைக்கு ஆபத்து.

சௌக்கிட் பண்டல் கடையில் பளுதூக்கும் காலணி மலிவாகக் கிடைக்கிறது. பழையதை வாங்கலாமா? (கம்போங் பாரு)

ஓட்டச் சப்பாத்தைப் பழையதாக வாங்காதீர்கள், நுரை செத்திருக்கும். பளுதூக்கும் காலணியை வாங்கலாம், கெட்டிக் குதிகால் பல ஆண்டுகள் தாங்கும். ஜோடியின் இரண்டு காலணிகளையும் கடைக்காரரின் மேசைமேல் வைத்து விளிம்பை அழுத்துங்கள், ஆடினால் வேண்டாம். குதிகாலும் மேல்பகுதியும் சேரும் இடத்தில் நகத்தை விட்டுப் பாருங்கள், பசை விட்டிருந்தால் நகம் உள்ளே போகும். பட்டையைப் பலமுறை ஒட்டிப் பிரித்துப் பாருங்கள். உள்தட்டை மட்டும் மாற்றிவிடுங்கள், அது முந்தையவரின் பாதத்துக்கு ஏற்பப் பதிந்திருக்கும்.