நோட்டீஸ் வந்த வீட்டை நாமே விற்க முடியுமா?

கேள்வி: தாம்பரத்தை அடுத்த புறநகரில் 2019-ல் 60 லட்சத்துக்கு ஃபிளாட் வாங்கினேன். வீட்டுக்கடன் 42 லட்சம். வேலை போய்விட்டதால் ஐந்து மாதமாகத் தவணை கட்டவில்லை. 38 லட்சத்தை 60 நாளில் கட்டும்படி வங்கி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. 65-க்குக் கீழே கொடுக்க மனசில்லை, கேட்டு வருபவர்களோ 56-ஐத் தாண்டவில்லை. ஏலத்துக்குப் போகுமுன் நானே விற்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் வங்கிக்குத் தெரியாமல் முடியாது. உங்களுக்கு வந்திருப்பது 2002-ம் வருட சர்ஃபாசி சட்டத்தின் (கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை விற்றுக் கடனை வசூலிக்க வங்கிக்கு வழி தரும் சட்டம்) 13(2) பிரிவு நோட்டீஸ். இது கைக்கு வந்த பிறகு, வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. அவசரத்தில் யாரிடமாவது அட்வான்ஸ் வாங்கி அக்ரிமென்ட் போட்டுவிடாதீர்கள். "பவர் எழுதிக் கொடுங்க சார், பேங்க்கை நான் பார்த்துக்கிறேன்" என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

விற்பதற்கு முன் ஒரு கணக்கு. தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையானதால் உங்கள் கடன் வாராக்கடன் ஆகியிருக்கிறது. நோட்டீஸில் மொத்தக் கடனையும் கேட்பதால் பலர் அதைப் பார்த்ததுமே நம்பிக்கையை விட்டுவிடுகிறார்கள். ஆனால் ரிசர்வ் வங்கி விதிப்படி, தவறிய தவணைகளின் நிலுவை முழுவதையும் கட்டினால் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும். 9 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொண்டால் ஐந்து தவணைக்கு 1.9 லட்சம் வரும், அபராதக் கட்டணம் தனி. பாதி நிலுவை கட்டிப் பயனில்லை. நகையோ பி.எஃப். பணமோ இருந்தால் இதற்குப் பயன்படுத்தலாம்: வேலை உடனே கிடைக்காவிட்டாலும், நிதானமாக விற்கச் சில மாதங்கள் கிடைக்கும். வட்டிக்கு வாங்கி மட்டும் கட்டாதீர்கள்.

அடுத்து, நோட்டீஸுக்குப் பதில் எழுதுங்கள். வேலை போன விவரம், எப்போது எவ்வளவு கட்ட முடியும், வீட்டை நீங்களே விற்க அனுமதி வேண்டும், இந்த மூன்றும் அதில் இருக்கட்டும். உங்கள் ஆட்சேபணையை வங்கி ஏற்கவில்லை என்றால் 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். நான் கடன் வசூல் பிரிவில் இருந்த காலத்தில் "பெறுநர் வாங்க மறுத்தார்" என்று திரும்பி வந்த பதிவுத் தபால்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். தபாலை வாங்காவிட்டால் நோட்டீஸ் செல்லாது என்று எவரோ சொல்லியிருப்பார்கள். கதவில் ஒட்டி, இரண்டு நாளிதழ்களில் போட்டாலே போதும், செல்லும்.

60 நாள் முடிந்தால், வீட்டை வங்கி தன் வசம் எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் சுவாதீன அறிவிப்பைக் கதவில் ஒட்டி, இரண்டு நாளிதழ்களில் போடுவார்கள். அக்கம்பக்கத்தில் தலைகாட்ட முடியாது என்று அன்றைக்கே வீட்டைக் காலி செய்கிறவர்கள் உண்டு. தேவையில்லை. பெரும்பாலும் அது காகிதத்தில் மட்டும்தான். நீங்களாகச் சாவியைக் கொடுக்காத வரை, மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ உத்தரவு வாங்கித்தான் வங்கி வீட்டை எடுக்க முடியும். வங்கி நடவடிக்கையில் பிழை இருந்தால் 45 நாளுக்குள் சென்னை கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். அதற்கு வக்கீல் வைத்துக்கொள்வது நல்லது.

உண்மையான கெடு வேறொரு தேதி. 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்புதான் மொத்தக் கடன் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை உண்டு. 2023-ல் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. ஏலத்தன்று பணத்தோடு போய் நிற்கலாம் என்பது பழைய கதை. உங்கள் விற்பனை அந்த அறிவிப்புக்கு முன் முடிய வேண்டும்.

சரி, விலைக்கு வருவோம். 38 லட்சத்துக்கு மாத வட்டி மட்டும் 28,500. 65-க்காக ஒன்பது மாதம் காத்திருந்தால் இரண்டரை லட்சத்துக்கு மேல் கரைந்துவிடும். அபராதமும் அபார்ட்மென்ட் பராமரிப்பும் தனி. அவ்வளவு நாள் உங்கள் கையில் இருக்கிறதா என்பதும் சந்தேகமே. 56-க்கு விற்றால் கடன் போக 18 லட்சம் நிற்கும். ஏலத்தில் மிஞ்சும் பணமும் உங்களுக்குத்தான், ஆனால் ஏலச் செலவை அதில் கழிப்பார்கள். 'ஏல வீடு' என்றாலே வருகிறவர்கள் அடிமாட்டு விலைதான் கேட்பார்கள். உங்கள் இடத்தில் நானாக இருந்தால் 58 சொல்லி 56-க்கு முடித்துவிடுவேன்.

ஆள் கிடைத்ததும் வங்கியில் 'ஃபோர்குளோஷர் லெட்டர்' கேளுங்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், கடனை முழுதாக முடிக்க எவ்வளவு என்று சொல்லும் கடிதம்தான் அது. அத்துடன் வங்கி வசமுள்ள மூலப் பத்திரங்களின் பட்டியலையும் வாங்குங்கள், வாங்குகிறவரின் வங்கி அதைத்தான் முதலில் கேட்கும். அவர் தரும் பணம் உங்கள் கைக்கு வராமல் நேராகக் கடன் கணக்குக்கே போகட்டும். மூன்று தரப்பும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் யாருக்கும் பயமில்லை. மாறும் வட்டிக் கடன் என்றால் முன்கூட்டியே முடிப்பதற்குக் கட்டணம் கிடையாது. விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் வாங்குகிறவர் 1 சதவீதம் வரி பிடிப்பார், அந்த 56,000 ரூபாயை வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள்.

கடன் முடிந்த 30 நாளுக்குள் வங்கி மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி.யை (பத்திரங்களை வங்கியிடம் அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) ரத்து செய்யும் ரசீதுப் பத்திரமும் பதிவாக வேண்டும். பதிவானபின் வில்லங்கச் சான்று ஒன்று எடுத்து, அந்தப் பதிவு அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.