மனிதரைப் போலவே பேசும் கணினிக் குரல்களையும் திரை நர்ஸ்களையும் நோயாளிகள் உண்மையில் ஏற்றுக்கொள்கிறார்களா?

எங்கள் வீட்டில் ஏற்றுக்கொண்டார்கள், மூன்று மாதம் வரை.

அம்மாவுக்கு 16 வருடமாகச் சர்க்கரை. போன வருடம், அவர் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவமனையிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு ஃபோன் வர ஆரம்பித்தது. பெண் குரல். "வணக்கம்மா, இந்த வாரம் மாத்திரையெல்லாம் நேரத்துக்குப் போட்டீங்களா?" பதில் சொன்னால் அடுத்த கேள்வி. பேசுவது ஆள் இல்லை என்று முதல் வாரமே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "தெரியும்டா, மூச்சே விடாமப் பேசுறாளே" என்றார். ஆனாலும் அவருக்கு அது 'அவள்'தான்.

ஒரு வாரம் பக்கத்து அறையிலிருந்து காதில் விழுந்தது. "இனிப்பு ஏதாவது சாப்பிட்டீங்களா?" "ஆமாம்மா, கல்யாண வீட்ல ரெண்டு மைசூர்பாகு." என்னிடம் தொடவே இல்லை என்று சத்தியம் செய்த மைசூர்பாகு! டாக்டரிடமும் சொல்லியிருக்க மாட்டார். அவர் திட்டுவார்.

இது அம்மாவோடு நிற்கிற விஷயம் இல்லை. தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எல்லி என்றொரு திரைப் பெண்ணை உருவாக்கினார்கள். தலையாட்டிக் கேட்பாள், சொல்வதற்கு ஏற்றபடி முகம் மாறும். 239 பேரை அவளோடு பேச வைத்தார்கள். சிலரிடம் பின்னால் ஓர் ஆள் இயக்குகிறார் என்றும், மற்றவர்களிடம் முழுக்கக் கணினிதான் என்றும் சொல்லிவைத்தார்கள். கணினி என்று நம்பியவர்கள்தான் பயம் குறைந்து மனம்விட்டுப் பேசினார்கள், சோகத்தையும் மறைக்கவில்லை. 2014இல் வெளிவந்த ஆய்வு இது.

அதைவிட எனக்குப் பிடித்தது பாஸ்டனில் திமதி பிக்மோர் என்ற கணினி ஆய்வாளரின் குழு செய்த லூயிஸ். கட்டிலருகே ஒரு தொடுதிரை, அதில் கார்ட்டூன் நர்ஸ். டிஸ்சார்ஜ் ஆகும்போது எந்த மாத்திரை எப்போது, அடுத்து எந்தத் தேதியில் வரவேண்டும் என்று கையேட்டைப் பக்கம் பக்கமாக விளக்கும். சுமார் 74 சதவீத நோயாளிகள், டாக்டர், நர்ஸைவிட இதனிடமே கேட்டுக்கொள்ள விரும்புவதாகச் சொன்னார்கள். அசல் மனுஷி போல ஒன்றும் இருக்காது. ஆனால் அவசரப்படாது. நம் ஊர் டிஸ்சார்ஜ்தான் தெரியுமே! பில் கவுன்டருக்கும் மருந்துக்கடைக்கும் ஓடுகிற நேரத்தில் "இது காலையில, இது நைட்டு, இது சாப்பாட்டுக்கு முன்னாடி" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். திரும்பக் கேட்க நமக்கே சங்கடமாக இருக்கும்.

சரி, அம்மாவின் ஃபோனுக்கு வருகிறேன். ஒரு ஞாயிறு, கேள்விகள் முடிந்ததும் அவராகவே சொன்னார்: "கால் விரல் ரெண்டு நாளா மரத்துப் போகுதும்மா. செருப்பு கழண்டு விழுந்ததுகூடத் தெரியல." ஒரு நொடி அமைதி. அப்புறம் அதே கனிவோடு, "ரொம்ப நன்றிம்மா, இந்த வாரம் நல்லா இருங்க!" லைன் கட்.

சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் மரத்துப்போனால், புண் வந்தால்கூட உறைக்காது. மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். அம்மா சொன்னது டாக்டருக்குப் போயிருக்கவே இல்லை. ஆம், இல்லை தவிர எதையும் எடுத்துக்கொள்ளாத அமைப்பு அது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அதற்கு அவ்வளவு குழைவான குரலை வைத்தவர்கள்மேல்தான் கோபம். 'ஒன்றை அழுத்தவும்' என்கிற வறட்டுக் குரலாக இருந்திருந்தால், அம்மா அதனிடம் காலைப் பற்றிப் பேசியிருக்கவே மாட்டார், நேராக என்னிடம் வந்திருப்பார். உங்கள் வீட்டுக்கும் இப்படி ஃபோன் வந்தால், சொல்வதை யார் பார்க்கிறார்கள் என்று ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.

இப்போதும் ஞாயிறு ஃபோன் வருகிறது, அம்மா எடுக்கிறார். ஆமாம், இல்லை, ஆமாம். போன வாரம் இனிப்புக் கேள்விக்கு "இல்லை" என்றார். ஃப்ரிட்ஜில் பால்கோவா டப்பா பாதி காலி.