முன் ஆக்சில் இழுக்காவிட்டால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கையால் திருப்பும் ஹப் (முன் சக்கரத்தை அச்சோடு பூட்டும் அமைப்பு) உள்ள என் பழைய ஜீப்பில் ஃபோர் வீல் லீவரைப் போட்டால் விளக்கு எரிகிறது, ஆனால் சேற்றில் பின் சக்கரங்கள் மட்டுமே சுழல்கின்றன. டிரான்ஸ்ஃபர் கேஸை (விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பகிர்ந்து தரும் பெட்டியை) பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். பிரிக்கலாமா?

பதில்: இப்போதே பிரிக்க வேண்டாம். அந்த விளக்கு பெரும்பாலும் டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள சுவிட்சால் எரிவது. லீவர் நகர்ந்துவிட்டது என்பதை மட்டுமே அது சொல்லும். விசை சக்கரம் வரை போனதா என்பதைச் சொல்லாது.

சமதளத்தில் எஞ்சினை அணைத்து, பின் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, இரண்டு ஹப்களையும் லாக்கில் திருப்பி, லீவரை ஃபோர் வீலில் வைத்த பிறகு, ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். வண்டி தூக்கிய நிலையில் இருக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் எஞ்சினை இயக்காதீர்கள். எல்லாம் சரியாக இருந்தால், சிறிது ஆட்டம் தவிர, அந்தச் சக்கரம் கையால் சுழலாது. சுழன்றால், முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை (டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டை) பாருங்கள். அதுவும் சேர்ந்து சுழன்றால் கோளாறு டிரான்ஸ்ஃபர் கேஸிலோ லீவர் இணைப்பிலோதான் இருக்கிறது. அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது தேய்ந்துபோன லீவர் இணைப்பைத்தான். ஷாஃப்ட் அசையாமல் சக்கரம் மட்டும் சுழன்றால் கோளாறு ஆக்சிலிலோ ஹப்களிலோ இருக்கிறது.

அந்த நிலையில் இரண்டு முன் சக்கரங்களையும் தூக்கி ஒன்றைத் திருப்புங்கள். மற்றது எதிர்த்திசையில் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஏதோ ஒரு பக்கத்து ஹப் பூட்டவில்லை, அல்லது உள்ளே அச்சோ பல்சக்கரமோ உடைந்திருக்கிறது. பலரும் கவனிக்காத இடம் இதுதான்: சாதாரண டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) உள்ள ஆக்சிலில் ஒரே ஒரு ஹப் பூட்டாமல் நின்றாலும், தடையில்லாத அந்தப் பக்கத்து அச்சு வீணாகச் சுழலுமே தவிர, நன்றாகப் பூட்டிய மறுபக்கச் சக்கரமும் இழுக்காது. ஹப்பைக் கழற்றினால், இறுகிப்போன பழைய கிரீஸில் உள்வளையம் சிக்கி, பற்களுக்குள் முழுதாக நகராமல் நிற்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். கழுவிச் சுத்தம் செய்து மெல்லிய பூச்சாக மட்டும் கிரீஸ் தடவுங்கள்; அடைத்து வைத்தால் அதே கோளாறு திரும்பி வரும்.

கேள்வி: என் வண்டியில் ஹப் வாக்குவத்தால் (காற்றை உறிஞ்சும் விசையால்) பூட்டுகிறது. ஆற்றைக் கடந்து வந்த பிறகு ஃபோர் வீல் விழவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ரப்பர் குழாய்களிலிருந்து தொடங்குங்கள். எஞ்சின் ஓடும்போது, வண்டி நியூட்ரலில் ஹேண்ட்பிரேக்குடன் நிற்க, சோலனாய்டுக்கு (வாக்குவத்தைத் திறந்து மூடும் மின் வால்வுக்கு) வரும் குழாயைக் கழற்றி விரலால் மூடினால் உறிஞ்சுவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பம்ப்பையோ அதிலிருந்து வரும் குழாயையோ பாருங்கள். உறிஞ்சினால், ஹப்புக்குப் போகும் குழாயில் கைப் பம்ப்பை மாட்டி வாக்குவம் ஏற்றுங்கள். பம்ப்பின் அளவுமானியில் முள் இறங்கினால் குழாயில் வெடிப்போ, ஹப்பின் சீல் அல்லது டயாஃப்ரமில் கசிவோ இருக்கிறது. முள் நின்றும் பூட்டாவிட்டால் குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கலாம், ஹப் துருப்பிடித்திருக்கலாம். எல்லா வண்டிகளிலும் வாக்குவத்தின் வேலை ஒன்றல்ல என்பதையும் மனத்தில் வையுங்கள். ஃபோர்டு எஃப்-150 வண்டியில் 2004 முதல் வந்த அமைப்பில் வாக்குவம் ஹப்பை விடுவித்தே வைத்திருக்கிறது. அங்கே கசிவு ஏற்பட்டால் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் ஓட்டத்தில்தான் கரகரவென்று பல் உரசும்.

கேள்வி: நான்கு சக்கர இழுவை டிராக்டருக்கு முன் டயர்களை மாற்றினேன். அதன் பிறகு சேற்றுழவில் முன்பக்கம் இழுப்பதாகத் தெரியவில்லை.

பதில்: கோளாறு இணைப்பில் இல்லாமல் டயர் அளவில் இருக்கலாம். இழுவை போட்டிருக்கும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடச் சற்று வேகமாக, பொதுவாக 1 முதல் 5 சதவீதம் வரை, ஓட வேண்டும். முன் டயரின் சுற்றளவு குறைந்தால் இந்த முன்னிலை போய்விடும். அப்போது பின் சக்கரங்கள் முன்பக்கத்தைத் தள்ளிக்கொண்டுதான் போகும். டிராக்டரின் கையேட்டில் உள்ள டயர் ஜோடியோடு ஒப்பிட்டு, காற்றழுத்தத்தையும் சரிபார்த்த பிறகே ஆக்சிலைத் தொடுங்கள்.