பின்னட்டையில் இருக்கிறது வழி

கேள்வி: அரீதா பிராங்ளின், ஓட்டிஸ் ரெடிங், அல் கிரீன் என்று எல்லோரும் சொல்லும் சோல் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாட்டு வகை) இசைத்தட்டுகளைச் சேர்த்துவிட்டேன். அதே காலத்தில் பாடி, அதிகம் பேசப்படாமல் போனவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர், கிளிநொச்சி

பதில்: பாடகரை விட்டுவிட்டு, தட்டின் பின்னட்டையில் பெயர் போட்டிருக்கும் வாத்தியகாரரைத் தேடுங்கள். அல் கிரீனின் எழுபதுகளின் தட்டுகளுக்குத் தயாரிப்பாளர் வில்லி மிச்செல். கிற்றார், ஓர்கன், பேஸ் வாசித்தவர்கள் டீனி, சார்ல்ஸ், லீரோய் என்ற ஹொட்ஜஸ் சகோதரர் மூவர். இடம் மெம்பிஸ், ரோயல் ஸ்டூடியோ. இதே கூட்டம்தான் ஆன் பீபிள்ஸ், சில் ஜோன்சன், ஓட்டிஸ் கிளே ஆகியோருக்கும் வாசித்தது. ஆன் பீபிள்ஸின் 'ஐ கான்ட் ஸ்டாண்ட் த ரெயின்' தட்டில் தொடங்குங்கள். ஓ.வி. ரைட்டை மட்டும் லேபல் (தட்டை வெளியிட்ட கம்பனி) பார்த்துத் தேடினால் தவறவிடுவீர்கள். அவருடைய மிகச் சிறந்த பாட்டுகள் மிச்செல் தயாரித்தவைதான், ஆனால் வெளிவந்தது அல் கிரீனுடையதல்லாத, பாக் பீட் என்ற வேறு லேபலில். எங்கள் கணக்கில் அல் கிரீனைவிட ஒரு படி கனத்த குரல்.

பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சிறிய 45 தட்டுகளில் பெரும்பாலும் வாத்தியகாரர் பெயர் இராது. அங்கே பாட்டின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் இயற்றியவர்களைப் பிடியுங்கள். அரீதாவின் 'டூ ரைட் வுமன்' பாட்டை எழுதிய டான் பென், சிப்ஸ் மோமன் இருவரும்தான் ஜேம்ஸ் காருக்கு 'த டார்க் எண்ட் ஒஃப் த ஸ்ட்ரீட்' எழுதினார்கள். ஓட்டிஸ் ரெடிங்கை விரும்புகிறவர் வீட்டில் ஜேம்ஸ் கார் இல்லாவிட்டால் அது குறைதான். அவர் பாடிய கோல்ட்வாக்ஸ் லேபலின் மூலப்பதிப்புக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். லண்டனில் உறவினர் இருந்தால் கென்ட் லேபலின் மறுபதிப்பைக் கேளுங்கள். ஊர்பேர் தெரியாத சின்னக் கம்பனிகளுக்கு, சிக்காகோவின் நியூமரோ குழு 2004 முதல் வெளியிடும் 'எக்சென்ட்ரிக் சோல்' தொகுப்புகள் நல்ல வாசல்.

கேள்வி: கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்த பழைய பிளேயரை ட்ரான்ஸ்ஃபோமர் போட்டு ஓட்டுகிறேன். பாட்டு இழுபடுகிறது. பெல்ட் பழுதா?
- வாசகி, வவுனியா

பதில்: பெல்ட் அல்ல, கறண்ட். ட்ரான்ஸ்ஃபோமர் 230 வோல்ட்டை 120 ஆக்கும், ஹேர்ட்ஸை, அதாவது கறண்ட் விநாடிக்கு எத்தனை தடவை அலைகிறது என்பதை, மாற்றாது. கனடாவில் 60, இங்கே 50. பழைய ஏசி மோட்டார் ஹேர்ட்ஸுக்கேற்பச் சுற்றும், ஆகவே 33⅓ சுற்று ஏறக்குறைய 27.8 ஆகிவிடும், சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கும். பெண் குரல் ஆண் குரல்போலக் கேட்டிருக்குமே! அந்த மொடலுக்குரிய 50 ஹேர்ட்ஸ் கப்பி, அதாவது மோட்டார் தண்டில் பெல்ட் ஓடும் சிறு சில்லு, கிடைத்தால் மாற்றுங்கள். அடுத்த முறை அடப்டரில் ஓடும் டிசி மோட்டார் பிளேயராகக் கேளுங்கள். அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: பழைய அமெரிக்க 45 தட்டொன்றை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். இரைச்சல் கூடிவிட்டது.
- வாசகர், முல்லைத்தீவு

பதில்: அது வழக்கமான வைனில் அல்ல, ஸ்டைரீன் என்ற வேறு பிளாஸ்டிக்காக இருக்கலாம். அப்படியானால் நடுவிலுள்ள லேபல் கடதாசி மேலே ஒட்டியிருக்கும், தட்டு வளையாது, தட்டினால் கணீரென்னும். ஸ்பிரிட் அதைக் கெடுக்கும். வடித்த நீரும் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவமும் போதும். ஊசி தேய்த்த இரைச்சல் எதைப் போட்டாலும் போகாது. கிறவல் புழுதியை முதலில் உலர் தூரிகையால் எடுத்துவிட்டே ஈரத் துணியைத் தொடுங்கள், இல்லாவிட்டால் அதுவே உப்புத்தாளாகிவிடும். தகரக் கூரைக்குக் கீழே அடுக்க வேண்டாம். தட்டுகள் நிமிர்ந்து நிற்கட்டும். மாரிக்கு முன் கடதாசி உள்ளுறைகளை பொலித்தீன் உறைகளாக மாற்றிவிடுங்கள்.