க்யூஎல்இடியா, ஓஎல்இடியா?

கேள்வி: டிவி வாங்கப் போனால் க்யூஎல்இடி, ஓஎல்இடி என்று அடுக்குகிறார்கள். மூன்றாவதாக க்யூடி-ஓஎல்இடி என்று ஒன்றைக் காட்டி, இருப்பதிலேயே அதிக விலை சொன்னார் கடைக்காரர். என்னதான் வித்தியாசம்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கடையில் க்யூஎல்இடி என்று விற்பது அடிப்படையில் நம் பழைய எல்சிடி டிவிதான். பின்னால் நீல எல்இடி விளக்கு, அதன் முன்னால் குவாண்டம் புள்ளிகள் (கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய குறைக்கடத்தித் துகள்கள்) கலந்த ஒரு படலம். நீல ஒளியை விழுங்கிப் பச்சையும் சிவப்புமாகத் துப்புவதுதான் அந்தப் புள்ளிகளின் வேலை. ஒரே மாவில் உருட்டிய சீடை அளவுக்குத் தக்கபடி நிறம் மாறினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும்: காட்மியம் செலினைடு என்ற சேர்மத்தைச் சுமார் 2 நானோமீட்டருக்கு உருட்டினால் நீலத்தின் பக்கம் ஒளிரும், 6 நானோமீட்டர் என்றால் சிவப்பு. (இந்தப் புள்ளிகளுக்காகத்தான் 2023-இல் மூன்று பேருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.)

ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. மின்சாரம் பாய்ந்தால் கரிமச் சேர்மத்தாலான மெல்லிய அடுக்கே ஒளிரும், கருப்பு வேண்டிய இடத்தில் அணைந்துவிடும். க்யூடி-ஓஎல்இடியில் அடியில் நீல ஒளி தருவது கரிம அடுக்கு, அதை மற்ற நிறங்களாக மாற்றுவது கனிமத்தாலான அதே குவாண்டம் புள்ளிகள். கடைக்கு வந்தது 2022-இல்.

கேள்வி: அந்தப் புள்ளிகளுக்கே நேராக மின்சாரம் கொடுத்து எரிய வைக்க முடியாதா?
- கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: முடியும், 1994-லேயே அமெரிக்காவின் பெர்க்லியில் அலிவிசாடோஸ் குழு காட்மியம் செலினைடுப் புள்ளிகளை மின்சாரம் கடத்தும் ஒரு பிளாஸ்டிக்கோடு சேர்த்து எரியவைத்துக் காட்டியது. வேடிக்கை என்னவென்றால், குறைந்த வோல்டேஜில் புள்ளிகள் ஒளிர்ந்தன, வோல்டேஜை ஏற்றினால் பிளாஸ்டிக்கின் பச்சை மேலே வந்துவிட்டது! இன்றைக்கும் தகராறு கிட்டத்தட்ட அதேதான்: ஒரு பக்கம் துத்தநாக ஆக்சைடு வழியாக எலக்ட்ரான்கள் விறுவிறுவென்று வந்துவிடுகின்றன, மறுபக்கம் கரிம அடுக்கு வழியாக வர வேண்டிய துளைகளோ (எலக்ட்ரான் இல்லாத காலி இடங்கள், நேர் மின்னூட்டம்போல நகர்பவை) ஆடி அசைந்து வருகின்றன. இரண்டும் புள்ளியில் சந்தித்தால்தான் ஒளி. இந்தச் சமன் கெட்டால் புள்ளியும் கெடும், கரிம அடுக்கும் கெடும். அதிலும் நீலப் புள்ளிதான் சீக்கிரம் மங்கிவிடுகிறது.

திண்டுக்கல் வாசகிக்கு மறுபடி ஒரு வார்த்தை: எங்கள் வீட்டைப்போல நாள் முழுக்க ஒரே செய்தி சேனல் ஓடும் வீடு என்றால் ஓஎல்இடி வகையறா வேண்டாம், மூலையில் நிற்கும் அந்த லோகோ திரையிலேயே தங்கிவிடக்கூடும்.